துடிப்பதெல்லாம் உயிரா?

பெரம்பலூர் பக்கம் ஒரு உழவர் கூட்டம். நுண்ணுயிர்க் கரைசல் விற்க வந்தவர் சின்ன நுண்ணோக்கியில் செல்போனை மாட்டி, பாட்டிலில் இருந்து ஒரு சொட்டை வைத்துக் காட்டினார். திரை முழுக்கப் புள்ளிகள். ஒன்றுகூட சும்மா இல்லை, எல்லாம் நடுங்கிக்கொண்டே இருந்தன. "பாத்தீங்களாய்யா, அத்தனையும் உசிரு!" என்றார். நாலைந்து பேர் உடனே பணத்தை எடுத்துவிட்டோம். பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும், "கொதிக்க வெச்சுட்டு ஒருதரம் காட்டுங்க தம்பி" என்றார். வந்தவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

அந்தக் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து கரைசலில் கொஞ்சம் எடுத்து பத்து நிமிடம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெரிந்த ஆசிரியர் ஒருவரின் நுண்ணோக்கியில் பார்த்தேன். கொதித்ததும் நடுங்கியது, கொதிக்காததும் நடுங்கியது. ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பாட்டிலில் உயிரே இல்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எங்களுக்குக் காட்டியது உயிருக்கான சாட்சி இல்லை, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1827-ல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர், மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் நடுங்குவதைப் பார்த்தார். முதலில் அவருக்கும் இது உயிரின் துடிப்பாகத்தான் பட்டது. ஆனால் மனுஷன் அதோடு விடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் காய்ந்துபோன செடிகளின் மகரந்தத்தைப் பார்த்தார், அதுவும் நடுங்கியது. கண்ணாடியைப் பொடித்தார், பாறையைப் பொடித்தார், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையின் துணுக்கைக்கூடப் பொடித்துப் பார்த்தார். கல்லாகிப்போன மரத்தையும் விடவில்லை. எல்லாமே நடுங்கின.

கல்மரம் நமக்குத் தெரியாததா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறதே, ஏறக்குறைய 12 கோடி ஆண்டு பழசு. அதில் ஒரு துணுக்கைப் பொடித்துத் தண்ணீரில் விட்டால் அதுவும் 'உயிரோடு' துடிக்கும். (அதற்காக அங்கே போய்ச் சுரண்டி வைக்காதீர்கள். அரியலூர்ப் பக்கம் கிடக்கிற சுண்ணாம்புக்கல் பொடியே போதும்.)

காரணம் தண்ணீர். நீர் மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஓயாமல் முட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகளுக்கு இந்தப் பக்கம் பத்து இடி, அந்தப் பக்கம் பதினோரு இடி என்று விழுந்தால்கூடத் தள்ளாடும். 1905-ல் ஐன்ஸ்டைன் இதற்குக் கணக்குப் போட்டார். பிரான்சில் ழான் பெரான், துகள் எங்கே நிற்கிறது என்று 30 நொடிக்கு ஒருமுறை புள்ளி வைத்துத் தொடர்ந்து அளந்து, அந்தக் கணக்கு சரி என்று காட்டினார். 1926-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் புள்ளி வைக்கும் வேலையை நாமே செய்யலாம். 400 மடங்கு பெரிதாக்கும் பள்ளிக்கூட நுண்ணோக்கியும் செல்போனும் போதும். ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி சுமார் 140 மடங்குதான் காட்டும். பூஞ்சை இழை, நூற்புழுவுக்கு அது நல்லது, பாக்டீரியாவுக்குப் பத்தாது.

சொட்டின் மேல் மூடுகண்ணாடி வைத்து ஓரத்தில் வாசலின் தடவுங்கள். இல்லாவிட்டால் ஓரம் காயக் காய உள்ளே நீரோட்டம் வரும். ரெண்டு நிமிடம் அடங்கவிட்டு வீடியோ எடுங்கள். பிறகு அதைக் கணினித் திரையில் ஓடவிட்டு, மேலே கண்ணாடித்தாளை ஒட்டி, ஒரு துகளைப் பிடித்து நொடிக்கு ஒரு புள்ளி வையுங்கள். இப்படி இருபது துகளாவது செய்ய வேண்டும்.

எல்லாத் துகளும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால் அது நீரோட்டம், விட்டுத்தள்ளுங்கள். கோடு சிக்கின நூல்கண்டு மாதிரி அங்கேயே சுற்றினால் நடுக்கம். ஒரு மைக்ரான் துகள் இப்படித் தள்ளாடி ஒரு நொடியில் ஏறத்தாழ தன் அளவுதான் நகரும். நாலு மடங்கு நேரம் கொடுத்தாலும் சராசரியாக ரெண்டு மடங்கு தூரம்தான் போகும். நீந்துகிற பாக்டீரியா அப்படியல்ல. ஒரு நொடியில் தன் உடம்பு நீளத்தைப் போல பத்து மடங்குக்கு மேல் ஓடும். நேராகப் போகும், சட்டென்று திரும்பும், பக்கத்துத் துகளைக் கடந்து எதிர்த்திசையிலும் போகும். ஒருதரம் பார்த்துவிட்டால் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். ஜீவாமிர்தம் ஒரு சொட்டைத் தண்ணீர் கலந்து பாருங்கள், நடுக்கமும் நீச்சலும் ஒரே திரையில் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ரெண்டு சொட்டு கட்டாயம் வேண்டும். ஒன்று, அதே கரைசலைக் கொதிக்கவைத்தது. இன்னொன்று, கரிசல் மண்ணைக் கரைத்து ஒரு ராத்திரி வைத்து எடுத்த மேல் தண்ணீர். அதில் மிதப்பது 2 மைக்ரானுக்கும் குறைந்த களித்துகள். ஏரித் தண்ணீர் நாள்கணக்கில் தெளியாமல் கிடப்பதற்கு இந்த நடுக்கமும் ஒரு காரணம்.

புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தால், நுண்ணோக்கியின் கீழ் வில்லைக்கு அடியில் வட்டமாக வெட்டிய கறுப்புக் காகிதத்தை நடுவில் வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சம் மறைந்து பக்க வெளிச்சம் மட்டும் வரும். கூரை ஓட்டை வெயிலில் தூசி மினுக்குகிற மாதிரி, கறுப்புப் பின்னணியில் துகள்கள் மின்னும். பெரிய ஆய்வகங்களில் லேசர் ஒளியும் கேமராவும் வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். துகள் சின்னதானால் ஆட்டம் அதிகம். ஆகவே ஆட்டத்தை அளந்து, மைக்ரானில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் துகளின் அளவைச் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நீந்தவில்லை என்பதால் செத்துவிட்டது என்று பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். டிரைக்கோடெர்மா வித்துகள் நீந்தாது. உறங்கும் பேசில்லஸ் வித்தும் நீந்தாது. சூடோமோனாஸ்கூட நாள்பட்ட பாட்டிலில் சோர்ந்து கிடக்கலாம். நீந்துகிறது என்றாலும், அது எந்த பாக்டீரியா என்று இந்தக் கண்ணாடி சொல்லாது. கெட்டுப்போன கரைசலிலும் வேண்டாதது நீந்தும். அதற்கு ஆய்வகத்தில் தட்டில் வளர்த்து எண்ண வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற திரவ உயிர் உரங்களில் மில்லிக்குக் குறைந்தது 10 கோடி உயிர்ச்செல்கள் இருக்க வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. வாங்கும்போது பாட்டிலில் அந்த எண்ணிக்கையையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் எங்கே கொடுத்துச் சோதிக்கலாம் என்று வாலிகண்டபுரத்திலோ சோழமாதேவியிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சின்னப் புட்டியில் கொதிக்கவைத்த கரைசலை எடுத்துப் போகிறேன். பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.