நகர்ந்த கோடுகள்! (பேரண்டம் – ஓர் அறிமுகம்)

போன கார்த்திகை மாதம் விடுமுறைக்குக் காமயகவுண்டன்பட்டி போயிருந்தேன். இரவு பதினொரு மணிக்குத்தான் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்தது. திராட்சைத் தோட்டத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தாத்தாவோடு வரப்பில் உட்கார்ந்தேன். நேர் உச்சியில் கொத்தாக ஆறு விண்மீன்கள்.

"அந்தா இருக்கே அறுமீனு, அது எம்புட்டு தூரம்டா இருக்கும்? பாலிடெக்னிக்ல படிக்கிறியே, சொல்லு பாப்போம்."

"ரொம்ப தூரம் தாத்தா."

"அது எனக்கே தெரியும்டா!"

அந்த வெட்கத்தில் நூலகத்தில் தேடிப் படித்ததைத்தான் நண்பர்களே, இங்கே எழுதுகிறேன்.

விண்வெளிக்குக் கிலோமீட்டர் கட்டுப்படியாகாது. ஒளி விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும். 15 கோடி கி.மீ. தள்ளியிருக்கும் சூரியனிலிருந்து அது நம்மை வந்தடைய 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. ஓராண்டில் அது ஓடும் தூரமே ஓர் ஒளியாண்டு. தாத்தாவின் அறுமீன் சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அன்றிரவு எங்கள் கண்ணில் பட்ட வெளிச்சம், மதுரையில் திருமலை நாயக்கர் மகால் எழும்புவதற்கு முன்பே அங்கிருந்து கிளம்பிவிட்டது!

டேப் பிடித்தா அளந்தார்கள்? சிவில் நண்பர்களைக் கேளுங்கள். அக்கரை மரத்தின் தூரத்தை அறிய, இக்கரையில் ஒரு பேஸ் லைன் போட்டு இரு முனையிலும் தியோடலைட் வைத்துக் கோணம் எடுப்போம் அல்லவா? அதே வேலைதான். பேஸ் லைன் மட்டும் 30 கோடி கி.மீ.! பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் விட்டம் அது. ஜனவரியில் ஒரு கோணம், ஜூலையில் ஒரு கோணம். 1838-ல் ஜெர்மனியின் பெசல் இப்படித்தான் ஒரு விண்மீனின் தூரத்தைக் கண்டு சொன்னார்.

தூரம் சரி. தொடவே முடியாத பொருள் எதனால் ஆனது என்று எப்படித் தெரியும்? சோடியம் தெருவிளக்கின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் குறிப்பிட்ட இடத்தில் இரண்டு மஞ்சள் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படித் தனித்தனிக் கோடுகள் உண்டு, நம் கைரேகை மாதிரி. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை ஆந்திரக் கரையில் மசூலிப்பட்டினத்திலிருந்து கவனித்தார் மெட்ராஸ் வானாய்வகத்தின் போக்சன். சோடியத்தோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு அவருக்குத் தெரிந்தது. அதுதான் ஹீலியம்! பூமியில் அது கையில் சிக்கியது 1895-ல்தான்.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்று. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லக் கேட்டிருப்போம். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வேகம் பிடித்த பெரியாறு அணைத் திட்டம் 1895-ல் முடிந்து நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தந்தது. மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற எண்ணமும் அதே பஞ்சத்தில் பிறந்ததுதான். அதன் விளைவாக, பெரியகுளத்துக்கு மேலே கொடைக்கானல் மலையில் 1899-ல் சூரிய ஆய்வகம் எழுந்தது. கொடைக்கானலுக்கு டூர் போகும் நம்மவர்கள் ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்!

அங்கே 1909-ல் ஜான் எவர்ஷெட் ஒன்றைக் கவனித்தார். சூரியப் புள்ளியின் ஓரங்களில் கோடுகள் தம் இடத்தில் இல்லை, கொஞ்சம் நகர்ந்திருந்தன. ஏன்? ஹாரன் அடித்தபடி கம்பம் பஸ் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும். தாண்டிப் போனதும் கம்மிவிடும். ஒளியும் அப்படித்தான். நெருங்கினால் நீலப் பக்கம், விலகினால் சிவப்புப் பக்கம் கோடு நகரும். சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்று அவர் கண்டுகொண்டார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

இந்தக் கோடு நகரும் விஷயத்தை நினைவில் வையுங்கள்.

சூரியன் ஒரு சாதாரண விண்மீன். அதன் மையத்தில் விநாடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாக மாறுகிறது. இதைவிடப் பெரிய விண்மீன்கள் தம் வயிற்றில் கார்பன், ஆக்ஸிஜன், இரும்பு வரை சமைத்துவிட்டு வெடிக்கின்றன. ஃபிட்டிங் ஷாப்பில் கை காய்த்துப்போக நாம் ராவுகிற இரும்பு, என்றோ செத்துப்போன விண்மீன்களின் மிச்சம்!

சூரியனைப் போல் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் சேர்ந்தது நம் பால்வீதி. குறுக்களவு சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு. அடுத்த பெரிய அண்டம் ஆண்ட்ரோமெடா, 25 லட்சம் ஒளியாண்டு. கார்த்திகை மாத அமாவாசையில் முன்னிரவு வடக்கே நிமிர்ந்து பார்த்தால் மங்கலான புகைத் திட்டாகத் தெரியும். எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தேன். டவுனில் தெரியாது.

இனி கோட்டுக்கு வருவோம். தொலைதூர அண்டங்களின் கோடுகளைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. (ஆண்ட்ரோமெடா போன்ற சில மட்டும் அடம்பிடித்து நம்மை நோக்கி வருகின்றன.) எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகமாக விலகுகின்றன என்று 1929-ல் அமெரிக்காவின் ஹப்பிள் காட்டினார். புரியவில்லையா? பழைய சைக்கிள் டியூபை வெட்டி, ஒரு செ.மீ. இடைவெளியில் சாக்பீஸ் கோடுகள் போட்டு இரு மடங்காக இழுத்துப் பாருங்கள். முதல் கோட்டிலிருந்து பார்த்தால் அடுத்தது ஒரு செ.மீ. விலகும், அதற்கடுத்தது இரண்டு, அப்புறம் மூன்று. எந்தக் கோட்டில் நின்றாலும் இதே கதைதான். விரிவது டியூப், அதாவது வெளி.

டியூபை மனத்தில் தளர்த்திக்கொண்டே போனால்? எல்லாம் நெருங்கி நெருங்கி, சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் கற்பனைக்கெட்டாத நெருக்கமும் வெப்பமும். இதையே பெருவெடிப்பு என்கிறார்கள். பட்டாசு போல ஓரிடத்தில் வெடித்துச் சிதறியதல்ல. எல்லா இடமும் சேர்ந்தே விரிந்தது. அந்தச் சூட்டின் மிச்சம் இன்றும் மைனஸ் 270 டிகிரியில் எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. 1965-ல் பென்சியாஸும் வில்சனும் ஆன்டெனாவில் இந்த இரைச்சலைக் கேட்டு, புறா எச்சம்தான் காரணமென்று முதலில் அதைச் சுத்தம் செய்தார்களாம்!

பொங்கலுக்குப் போனபோது தாத்தாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். டியூபைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார்.

"சரிடா, இதை இழுக்கிறதுக்கு முன்னால என்னா இருந்துச்சு?"

"அது இன்னும் யாருக்கும் தெரியாது தாத்தா."

"ம்" என்றவர், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பப் போய்விட்டார்.