தூண்டில் தடிக்கு ஒரு தாங்கி

கரையில் நின்று தூண்டில் போடுவதற்கு வள்ளமும் இயந்திரமும் தேவையில்லை. மண்ணெண்ணெய்ச் செலவும் இல்லை. 1990 இல் இடம்பெயர்ந்து, 2009 க்குப் பின் கட்டங்கட்டமாகக் கீரிமலைப் பக்கம் திரும்பிய குடும்பங்களுக்குக் கறிக்கு மீன் தரக்கூடிய மலிவான வழி இது. ஆனால் தடியும் றீலும் கடலோடு போய்விட்டால் பல நாள் உழைப்பும் போய்விடும். அதைத் தடுக்கும் எளிய கருவியே தாங்கி.

கெழுத்தியின் பழக்கம்

கெழுத்தி அடித்தளத்தில் இரை தேடும் மீன். கண்ணைவிட மீசையையும் மணத்தையுமே அது நம்புகிறது. ஆகவே இரவிலும், மழைக்குப் பின் நீர் கலங்கும்போதும் நன்றாக இரை எடுக்கும். அது வரும்வரை இரை அசையாமல் தரையில் கிடக்கவேண்டும். கையில் பிடித்த தடி ஆடிக்கொண்டே இருக்கும். தாங்கியில் வைத்த தடி ஆடாது. தடி உயர்ந்து நிற்பதால் நூலும் சுண்ணாம்புக் கல்லில் உரசி அறுவது குறையும்.

செய்யும் முறை

கீரிமலைக் கரை கல்லுக்கரை. இங்கே கம்பை அடித்து இறக்க முடியாது. ஆகவே முக்காலி செய்யுங்கள்.

1. நான்கு அடி நீளமான உறுதியான கம்புகள் மூன்று எடுங்கள்.
2. மேல் நுனியிலிருந்து ஓர் அடி விட்டு, மூன்றையும் சேர்த்து நைலோன் கயிற்றால் இறுகக் கட்டுங்கள்.
3. கால்களை அகட்டி வையுங்கள். மேலே கவர் உண்டாகும். தடி அதில் தங்கும்.
4. கட்டிலிருந்து ஓர் உரப்பையைத் தொங்கவிட்டு, கரையிலுள்ள கற்களால் நிரப்புங்கள். பாரம் நடுவில் இருப்பதால் முக்காலி இலகுவில் சரியாது. வீடு திரும்பும்போது கற்களைக் கொட்டிவிடலாம்.
5. தடியின் அடியைக் கற்களுக்கிடையே பொருத்தி, ஒரு கயிற்றால் பெரிய கல்லோடு கட்டுங்கள்.

தொண்டைமானாறு போன்ற கடல்நீரேரி ஓரத்தில் மண் இளக்கம். அங்கே பூவரசங் கவர்த்தடி ஒன்றை ஓரடி ஆழத்துக்கு மேல் இறக்கினால் போதும்.

பாவிக்கும் முறை

றீலை முழுதாக இறுக்கவேண்டாம். மீன் இழுத்தால் நூல் ஓடவேண்டும், தடி ஓடக்கூடாது. நுனியில் சிறு மணி கட்டினால் இருட்டிலும் தெரியும். முதல் தட்டலில் வெட்டி இழுக்காதீர்கள். தடி நன்றாக வளையும்வரை பொறுங்கள். ஒருவருக்கு இரண்டு தடி போதும். தடியை விட்டு அகலவேண்டாம். அறுந்த நூல் ஆமையையும் பறவையையும் சிக்கவைத்துக் கொல்லும்.

வாடைக்காற்றுக் காலத்தில் வடகரையில் அலை அதிகம். அப்போது கல்லுக்கரையில் நிற்காதீர்கள். கேணிப் பக்கம் மக்கள் நீராடிப் பிதிர்க்கடன் செய்யும் இடம். அங்கே தூண்டில் போடவேண்டாம்.

கடல் கெழுத்திகளில் ஆண்மீனே முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். அப்படி ஒன்று அகப்பட்டால் மெதுவாகத் திரும்ப விடுங்கள்.

முள் குத்தினால்

கெழுத்தியின் முதுகில் ஒன்றும் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றுமாக மூன்று நச்சு முள்கள் உண்டு. மீனைத் தடித்த துணியால் பிடியுங்கள். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்துங்கள். குத்துப்பட்ட இடம் விறைத்திருக்கும். எனவே சூட்டை மற்றக் கையால் பாருங்கள். முள் உள்ளே முறிந்தாலோ, வீக்கம் கூடினாலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள்.

வரிப்பணம் செலுத்துவதற்காக, கடலுக்குப் போய்த் தூண்டில் போடும்படி இயேசு பேதுருவிடம் சொன்னதை மத்தேயு 17:27 இல் வாசிக்கிறோம். அன்றைய தேவை அந்த முதல் மீனில் தீர்ந்தது. சிறு கருவியையும் பேணி வைப்போம்.

குழுவில் பேசுவதற்கு

1. உங்கள் கரை கல்லா, மணலா, சேறா? எந்தத் தாங்கி பொருந்தும்?
2. இரவில் தனியே செல்பவருக்கு உதவியாக யார் இருப்பர்?
3. அறுந்த நூல்களைக் கரையிலிருந்து அகற்ற என்ன செய்யலாம்?