விடியலுக்குக் காத்திருந்த விமானம்

1956 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16 ஆம் நாள் பின்னிரவு. பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் ஒன்று ஹொனலூலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நோக்கிப் பசிபிக் பெருங்கடலின்மேல் பறந்துகொண்டிருந்தது. அதனுள் பயணிகள் 24 பேரும் பணியாளர் 7 பேரும் இருந்தனர்.

திடீரென, நான்கு எஞ்சின்களுள் ஒன்றன் சுழல்விசிறி கட்டுக்கடங்காமல் சுழலத் தொடங்கிற்று. அதனை நிறுத்த இயலவில்லை. அது காற்றைத் தடுத்து விமானத்தின் விரைவைக் குறைத்தது. பின்னர் மற்றோர் எஞ்சினும் பழுதுற்றது. எஞ்சிய எரிபொருளைக் கொண்டு கரை சேர்தல் அரிது என்பது தெளிவாயிற்று.

கீழே அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் பான்சர்ட்ரெயின் என்னும் கப்பல் நின்றது. ஆயினும் தலைமை விமானி ரிச்சர்டு ஆக், இருளில் அலைமேல் இறங்கத் துணியவில்லை. விடியும்வரை கப்பலைச் சுற்றியே வட்டமிட்டார். எரிபொருள் குறையக் குறைய விமானத்தின் சுமையும் குறைந்தது.

முந்தைய ஆண்டில் இவ்வகை விமானமொன்று கடலில் இறங்கியபோது அதன் வாற்பகுதி முறிந்திருந்தது. அதனை நினைவிற்கொண்ட ஆக், பின்னிருந்த பயணிகளை முன்னே அமரச் செய்தார். பணியாளர் உயிர்காப்பு உடைகளை அணிவித்து, செய்ய வேண்டுவனவற்றைப் பொறுமையுடன் விளக்கினர்.

பொழுது புலர்ந்தது. கப்பலிலிருந்தோர் நீரின்மேல் நுரையால் வழிகாட்டினர். விமானம் இறங்கியது, அஞ்சியவாறே வாற்பகுதி முறிந்தது. ஆனால் ஆங்கு ஒருவரும் இல்லை! யாவரும் மிதவைகளில் ஏறினர். சற்று நேரத்தில் விமானம் மூழ்கியது. 31 பேரும் உயிர் பிழைத்தனர்.

பிறர்க்கு நேர்ந்த இடரிலிருந்து கற்ற பாடமும், பதறாது காத்திருந்த பொறுமையும் அன்று அத்தனை உயிர்களையும் காத்தன.