எத்தனை பேரில் எத்தனை பேர்?

சர்வே முடிந்து எக்செல் கோப்பு உங்களிடம் வந்துவிட்டது. ஒரு பக்கம் துறைகள், இன்னொரு பக்கம் 'திருப்தி உண்டு', 'இல்லை', நடுவே எண்ணிக்கைகள். சாயங்காலத்துக்குள் சதவீதம் வேண்டும் என்கிறார் மேலாளர். வகுக்கத் தெரியாமல் யாரும் இங்கே தடுமாறுவதில்லை. எதால் வகுப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

ஒரு கட்டத்திலுள்ள எண்ணிக்கையை மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது ஒப்பு நிகழ்வெண். ஆனால் இருவழி அட்டவணையில் மொத்தங்கள் மூன்று வகை: நிரையின் மொத்தம், நிரலின் மொத்தம், மூலையிலுள்ள ஒட்டுமொத்தம். ஒரே எண்ணை மூன்றாலும் வகுக்கலாம். மூன்று விடையும் கணக்கில் சரிதான், சொல்லும் சேதிதான் வேறு.

உண்மையான ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் 1950 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும், புற்றுநோய் இல்லாமல் வேறு நோய்க்காகச் சேர்ந்திருந்தவர்களையும் நேரில் விசாரித்து எடுத்த கணக்கு. ஆண்கள் மட்டும்:

| | புகைத்தவர் | புகைக்காதவர் | மொத்தம் |
|---|---|---|---|
| நுரையீரல் புற்றுநோயாளி | 647 | 2 | 649 |
| மற்ற நோயாளி | 622 | 27 | 649 |
| மொத்தம் | 1269 | 29 | 1298 |

647ஐ நிரை மொத்தமான 649ஆல் வகுத்தால் 99.7%. நிரல் மொத்தமான 1269ஆல் வகுத்தால் 51%. ஒட்டுமொத்தமான 1298ஆல் வகுத்தால் 49.8%.

அந்த 51 சதவீதத்தை வாக்கியமாக எழுதிப் பாருங்கள்: 'புகைத்தவர்களில் பாதிப் பேருக்கு நுரையீரல் புற்றுநோய்.' இது உண்மை இல்லை. ஒரு புற்றுநோயாளிக்கு ஒரு மற்ற நோயாளி என்று ஆய்வாளர்களே பார்த்துச் சேர்த்த கூட்டம் இது. அவர்கள் ஒருவருக்கு இருவராகச் சேர்த்திருந்தால், புகைக்கும் பழக்கம் அதே அளவில் இருந்தாலும், இந்த 51 சதவீதம் 34 ஆகிவிடும். நிரை வழியே கண்ட 99.7% அசையாது. ஆகவே வகுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த மொத்தத்தை சர்வே எடுத்தவரே முடிவு செய்தார்? அந்த மொத்தத்தால்தான் வகுக்க வேண்டும். 'ஒவ்வொரு துறையிலும் ஐம்பது பேரைக் கேளுங்கள்' என்று சொல்லி எடுத்த சர்வே என்றால், துறைவாரியாகத்தான் சதவீதம். 'திருப்தி இல்லாதவர்களில் எத்தனை பேர் கணக்குப் பிரிவு' என்று அந்தக் கோப்பிலிருந்து சொல்ல முடியாது.

இதைப் பிடித்துக்கொள்ளத் தமிழிலேயே ஒரு வசதி இருக்கிறது. 'களில்' என்று முடியும் சொல் எதுவோ அதுதான் வகுக்கும் எண். 'புற்றுநோயாளிகளில் புகைத்தவர்கள்' என்றால் கீழே 649. 'புகைத்தவர்களில் புற்றுநோயாளிகள்' என்றால் கீழே 1269. முதலில் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு வகுங்கள்.

சதவீதம் போட்டதும் பெரிய எண்களை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். புற்றுநோயாளிகளில் புகைத்தவர்கள் 99.7%, மற்றவர்களில் 95.8%. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வித்தியாசமே இல்லாததுபோல் தோன்றும். அன்றைய பிரிட்டனில் ஆண்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள், அதனால் செய்தி சின்ன நிரலில் ஒளிந்திருக்கிறது. புகைக்காதவர்கள் புற்றுநோயாளிகளில் 0.3%, மற்றவர்களில் 4.2%. பதின்மூன்று மடங்குக்கும் மேல். இந்த ஆய்வு நடக்கும்போதே டால் தம்முடைய சிகரெட் பழக்கத்தை விட்டுவிட்டார்.

அதே ஆய்வில் பெண்களின் அட்டவணை இன்னொரு பாடம். இரு பக்கமும் 60 பேர்தான். புகைத்தவர்கள் புற்றுநோயாளிகளில் 41, மற்றவர்களில் 28, அதாவது 68.3%, 46.7%. இங்கே ஒரே ஒருவரின் பதில் மாறினால் சதவீதம் 1.7 நகரும். அதனால் எட்டுப் பேர் மட்டுமே உள்ள பிரிவுக்கு 37.5% என்று எழுதுவதைவிட 'எட்டுப் பேரில் மூவர்' என்று எழுதுவதே நேர்மை.

எக்செலில் வேலை சுலபம். பிவட் டேபிளில் எண்ணின்மேல் வலது கிளிக், 'ஷோ வேல்யூஸ் ஆஸ்', அதில் '% ஆஃப் ரோ டோட்டல்', '% ஆஃப் காலம் டோட்டல்', '% ஆஃப் கிராண்ட் டோட்டல்' மூன்றும் இருக்கும். 100 எந்த ஓரத்தில் வருகிறது என்று பாருங்கள். வலது ஓரத்தில் என்றால் நிரை வழி, அடியில் என்றால் நிரல் வழி. பதில் சொல்லாதவர்களை மொத்தத்தில் சேர்த்தீர்களா விட்டீர்களா என்பதையும் அடியில் குறியுங்கள்.

ஓர் எச்சரிக்கை, மனிதவளப் பிரிவில் இருப்பவர்களுக்கு முக்கியமாக. 'வேலையை விட்டவர்களில் 70% பேர் இரவு ஷிஃப்ட்' என்று கணக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். இரவு ஷிஃப்டைக் குறை சொல்லும் முன், மொத்த ஊழியர்களில் எத்தனை பேர் இரவு ஷிஃப்ட் என்று பாருங்கள். அதுவும் 70% என்றால் இரவு ஷிஃப்டில் கூடுதலாக யாரும் விலகவில்லை. கூட்டத்தில் இந்தக் கணக்கைக் காட்டும்போது இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், கீழே ஆள் எண்ணிக்கையோடு.