இமைப்பதற்கு முன்னே: சிதறும் துகள்களிலிருந்து கண்ணையும் தலையையும் காத்தல்

2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், பறக்கும் தட்டைச் சுடும் ‘டிராப்’ பிரிவில் இந்திய ஆடவர் அணி தங்கம் வென்றது. அவ்வணியின் மூவருள் ஒருவர் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். மற்ற இருவர் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து. இவ்விளையாட்டின் படங்களில் வீரர்கள் பெரும்பாலும் அகன்ற கண்ணாடியும் முன்விளிம்பு நீண்ட தொப்பியும் அணிந்தே காணப்படுவர். வெயிலுக்காக அணிந்தவை என்று பலர் எண்ணக்கூடும். வெயிலும் ஒரு காரணமே. ஆனால் கண்ணாடி அணிய அதனினும் வலிய காரணம் ஒன்று உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

வீரர் சுடும் தட்டைக் ‘களிமண் புறா’ என்று அழைப்பது வழக்கம். அதில் இன்று களிமண் இல்லை. கீல் போன்ற பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்க்கப்படுகிறது. விட்டம் 11 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 105 கிராம். விசைப்பொறியின் கை அதை வீசியெறியும்போது உடையாமல் இருக்கவேண்டும். ஒரு சிறு ரவை பட்டவுடன் உடையவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வலிமையோடு செய்யப்படுவதால் அது கூரிய சில்லுகளாகச் சிதறுகிறது. தொடக்கத்தில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டனர். 1900 ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவ்வாறு ஒரு போட்டியும் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புறாவுக்கு மாற்றாகக் கண்ணாடி உருண்டைகளை எறிந்து சுட்டனர். மைதானமெங்கும் கண்ணாடித் தூள் சிதறிக் கிடந்த அந்த முறைக்கு முடிவுகட்டியது, அமெரிக்காவின் லிகோவ்ஸ்கி என்பவர் 1880 ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய மண்தட்டு.

சில்லு எந்தத் திசையில் போகும் என்பதே இங்கு அறியவேண்டிய பாடம். ரவை பட்டதும் தட்டு அந்த இடத்திலேயே நின்று விழுந்துவிடுவதில்லை. அது எத்திசையில் சென்றுகொண்டிருந்ததோ அத்திசையிலேயே துண்டுகளும் தொடர்ந்து செல்லும். ‘டிராப்’ போட்டியில் தட்டு சுடுபவரை விட்டு விலகிப் போகிறது. ஆகவே துண்டுகளும் விலகிப் போகின்றன. ‘ஸ்கீட்’ என்னும் பிரிவிலோ இருபுறமும் உள்ள கூண்டுகளிலிருந்து தட்டுகள் குறுக்கே பறக்கின்றன. சில நிலைகளில் அவை சுடுபவரை நோக்கியே வருகின்றன. அங்கே குறி தவறாமல் சுட்டவரின் தலைமீதே சில்லுகள் பொழியும். எதிர்க்காற்று வீசினால் தூள் முகத்தில் படியும். துப்பாக்கியைத் திறக்கும்போது எரியாத மருந்துத் துணுக்கும் புகையும் பின்னோக்கி வருவதும் உண்டு. சுடாமல் வேடிக்கை பார்ப்பவரும் அதே காற்றில்தான் நிற்கிறார். ஆதலால் அங்கே கண்ணாடி சுடுபவருக்கு மட்டும் உரியதன்று. நடுவருக்கும் உதவியாளருக்கும் பார்வையாளருக்கும் உரியது.

இந்த விளையாட்டு நம்மில் மிகச் சிலருக்கே உரியது. ஆனால் கூரிய துகள் முகத்தை நோக்கிப் பறந்து வரும் இடம் நமக்குத் தொலைவில் இல்லை. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் பட்டறைகளில் கிரைண்டரும் லேத்தும் சுழலும்போது நிகழ்வதும் அதுவே. பல்லாவரம், பம்மல் பகுதிகளில் கல் உடைத்த தலைமுறையினருக்கும் இது புதிதன்று. தெருவில் அம்மி கொத்த வருபவர் உளி விழும் நொடியில் முகத்தைத் திருப்பிக் கண்ணைச் சுருக்கிக்கொள்வதைப் பார்த்திருப்போம். அவருக்கு இருந்த ஒரே கண்ணாடி அந்தச் சுருக்கம்தான்.

கண்ணைச் சுருக்குவதும் இமைப்பதும் போதுமா என்று கணக்கிட்டே பார்க்கலாம். கையில் பிடித்துப் பயன்படுத்தும் நான்கு அங்குலக் கிரைண்டர் நிமிடத்திற்கு 11,000 சுற்று வரை சுழலும். அதன் தட்டின் விளிம்பு ஒரு சுற்றில் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் தொலைவு செல்கிறது. அப்படியானால் விளிம்பின் வேகம் நொடிக்கு 57 மீட்டர்; மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். பொறியாகத் தெறிக்கும் துகளும் ஏறத்தாழ அவ்வேகத்திலேயே புறப்படுகிறது. கண் இமை முழுதும் மூட நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்று கொண்டால், அதற்குள் துகள் ஐந்து மீட்டருக்கும் மேல் கடந்துவிடும். கிரைண்டருக்கும் முகத்துக்கும் இடையே உள்ளதோ அரை மீட்டர். ‘கண் இமைக்கும் நேரம்’ என்பதைக் குறுகிய காலத்தின் அளவாக நாம் சொல்கிறோம். துகளின் கணக்கில் அது மிக நீண்ட நேரம்.

கிரைண்டரைக் கண்டு அஞ்சுவோர்கூட அஞ்சாத செயல்கள் இரண்டு உண்டு. ஒன்று, வேலை முடிந்தபின் காற்றுக்குழாயால் லேத்தின் மீதுள்ள பிசிறுகளை ஊதித் தள்ளுவது. ஊதுபவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த எந்திரத்தில் நிற்பவர் அதை எதிர்பார்த்திருக்கமாட்டார். மற்றொன்று, இரும்பை இரும்பால் அடிப்பது. சுத்தியல் பட்டுப்பட்டு உளியின் தலை நாளடைவில் காளான் குடைபோல் விரிந்து ஓரங்கள் பிளந்து நிற்கும். அடுத்த அடியில் அதிலிருந்து ஊசிமுனை அளவு சில்லு தெறித்துக் கண்ணுக்குள் புகுந்துவிடும். கண்ணின் உட்புறத்தில் இரும்புத்துண்டு தங்கும் காயங்களுக்கு இதுவே மிக வழக்கமான காரணம் எனக் கண் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அத்தகைய உளியின் தலையைச் சாணையில் தேய்த்துச் சீராக்கச் சில நிமிடங்களே ஆகும்.

இனிக் கண்ணாடி பற்றி. படிக்க அணியும் மூக்குக்கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது. அது பக்கவாட்டை மூடுவதில்லை. கண்ணாடி வில்லையாக இருந்தால் உடைந்து அதுவே சில்லாக மாறவும் கூடும். பாதுகாப்புக்கு ஏற்றது பாலிகார்பனேட் வில்லை. வாங்கும்போது அதன் ஓரத்தில் பொறித்த குறியீட்டைப் பார்க்கவேண்டும். நம் நாட்டில் கண்காப்புக் கருவிகளுக்கான இந்தியத் தரநிலை எண் 5983. ‘இ.என். 166’ என்னும் ஐரோப்பியத் தரநிலையில் ஆறு மில்லிமீட்டர் எஃகுக் குண்டை வில்லையின் மீது எய்து சோதிப்பர். நொடிக்கு 45 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் ‘எஃப்’, 120 மீட்டரைத் தாங்கினால் ‘பி’, 190 மீட்டரைத் தாங்கினால் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து பொறிக்கப்படும். பார்வைக் குறைபாடு உள்ளவர் தம் மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே அணியத்தக்க பெரிய காப்புக்கண்ணாடிகளும் கிடைக்கின்றன.

கண்ணாடி இருந்தும் அணியாமைக்குத் தொழிலாளர் சொல்லும் காரணம் சோம்பல் அன்று, வியர்வை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இறுக மூடிய கண்ணாடி ஐந்து நிமிடத்தில் ஆவி படிந்து மங்கிவிடும். மங்கிய கண்ணாடியோடு கிரைண்டர் பிடிப்பதும் ஆபத்தே. இதைக் குறை கூறிப் பயனில்லை. பக்கத்தில் காற்றுத்துளை உள்ளதும் ஆவி படியாத பூச்சு உள்ளதுமான கண்ணாடியை வாங்கித் தருவதும், கீறல் விழுந்ததை உடனே மாற்றித் தருவதும் முதலாளியின் கடமை. துகள் தெறிக்கும் வேலைகளில் தடுப்போ கண்ணாடியோ தரவேண்டும் என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 35 ஆம் பிரிவிலேயே கூறிவிட்டது.

தலையைப் பொறுத்தவரை துப்பாக்கி சுடும் களத்திலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். தொப்பியின் விளிம்பு, நெற்றிக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள சந்து வழியாகச் சில்லு விழுவதைத் தடுக்கிறது. பட்டறையில் அந்தச் சந்தை அடைப்பது முகக்காப்பு. முகக்காப்பை மட்டும் அணிந்தால் போதாது. கீழிருந்து எழும் துகள் அதன் அடிவழியே நுழையும். ஆகவே உள்ளே கண்ணாடியும் வேண்டும். இரண்டாவது செய்தி, தட்டெறியும் பொறியின் கை. மின்சாரத்தை நிறுத்தி, சுருள்வில்லின் விசையை விடுவிக்காமல் அதனருகே குனிந்தால் மண்டையோடு நொறுங்கும். எந்தத் தலைக்கவசமும் அதைத் தாங்காது. லேத்தின் சக்கில் சாவியை மறந்து வைத்துவிட்டு எந்திரத்தை ஓட்டுவதும், காப்புமூடியைக் கழற்றிவிட்டு விரிசல் கண்ட கிரைண்டர் தட்டை ஓட்டுவதும் அதே வகையின. தலைக்கவசம் மேலிருந்து விழும் பொருளுக்காகச் செய்யப்பட்டது.

துகள் பட்டுவிட்டால் என்ன செய்வது? கருவிழியின் மேற்பரப்பில் ஒட்டிய இரும்புத்துகள் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கித் தன்னைச் சுற்றி ஒரு துருவளையத்தை உண்டாக்கும். உடன் வேலை செய்பவர் கைக்குட்டை முனையாலோ பிளேடாலோ நாக்காலோ அதை எடுக்க முயல்வது நெடுநாள் வழக்கம். துகள் வந்தாலும் துரு எஞ்சும். கீறிய இடத்தில் கிருமி புகும். மதுரை மாவட்டத்தில் 1993 ஆம் ஆண்டைக் கணக்கிட்டு நடந்த ஆய்வு ஒன்று, பத்தாயிரம் பேரில் ஆண்டுக்குப் பதினொருவருக்குக் கருவிழிப்புண் உண்டாவதாகக் கண்டது. அத்தகைய புண்கள் பல சிறு கீறலில்தான் தொடங்குகின்றன. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு தணியும். உள்ளே பூஞ்சை வளரும்.

இதனினும் கொடியது கண்ணைத் துளைத்து உள்ளே சென்ற சில்லு. அது மிகச் சிறியதாயின் காயம் தானே மூடிக்கொள்ளும். வலி சில நிமிடங்களில் அடங்கும். பார்வையும் தெளிவாகவே இருக்கும். “நன்றாகத்தான் தெரிகிறது” என்று சொல்லி வேலையைத் தொடர்பவரே பெரும் இழப்புக்கு ஆளாகிறார். பார்வை தெளிவாக இருப்பது சில்லு உள்ளே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. எக்ஸ்ரே அல்லது சி.டி. படமே சான்று.

எல்லாப் பொருளும் கண்ணுக்குள் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. 1940 ஆகஸ்டில் இங்கிலாந்தின் போர்விமானி கிளீவர், முகக்கண்ணாடி அணியாமல் பறந்தபோது விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் மூடி குண்டடிபட்டு உடைந்து அவர் கண்களில் புகுந்தது. ஒரு கண் பார்வை இழந்தது. மறு கண்ணில் தங்கிய துண்டுகள் அழற்சி ஏதும் உண்டாக்காமல் கிடந்ததைக் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். அப்பொருளாலேயே செயற்கை வில்லை ஒன்றைச் செய்து 1949 நவம்பர் 29 அன்று இலண்டனில் நோயாளி ஒருவரின் கண்ணில் பொருத்தினார். இன்று கண்புரை அறுவையில் வைக்கப்படும் வில்லையின் தொடக்கம் அதுவே. இரும்புக்கு அந்தப் பண்பு இல்லை. அது கண்ணின் நீரில் மெல்லக் கரைந்து, மாதங்களிலோ ஆண்டுகளிலோ விழித்திரையை அழிக்கும். அரிதாகச் சிலருக்கு, காயம்படாத மறு கண்ணிலும் அழற்சி தோன்றும்.

ஆகவே கண்ணில் ஏதேனும் குத்தி நிற்பதாகவோ துளைத்ததாகவோ ஐயம் எழுந்தால், அதைப் பிடுங்கவோ கண்ணைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. நீரூற்றிக் கழுவவும் வேண்டாம். நீரூற்றுவது தூசிக்கும் அமிலத்துக்கும் உரியது. சுத்தமான காகிதக் குவளை ஒன்றைக் கண்ணைத் தொடாதபடி, எலும்பு விளிம்பில் பொருந்துமாறு கவிழ்த்து ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்கு வரவேண்டும். அறுவை தேவைப்படலாம் என்பதால் வழியில் காப்பி, தேநீர் உட்பட எதுவும் தரவேண்டாம். 1819 இல் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையிலும் இத்தகைய காயங்களுக்குச் சிகிச்சை உண்டு. வேலையின்போது நேர்ந்த காயமாயின் அன்றே பட்டறையின் விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள், இ.எஸ்.ஐ. உரிமைகளுக்கு அது துணையாகும். ஒரு கண்ணை இழப்பதை, 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் 40 விழுக்காடு உழைப்பாற்றல் இழப்பு என மதிப்பிட்டது.

குடும்பத்தாருக்கு ஒரு குறிப்பு. இடுப்பு வலிக்கோ தலைவலிக்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், நோயாளி முன்னாளில் லேத், கிரைண்டர், உளி வேலை செய்தவர் என்பதை ஊழியரிடம் தவறாமல் கூறுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் விட்ட தொழிலாயினும் கூறுங்கள். அக்கருவியின் காந்தம் மிக வலியது. கண்ணில் அறியாமல் தங்கிய இரும்புத்துண்டு அதனுள் அசைந்தால் உள்ளே குருதி கசிந்து பார்வை போகக்கூடும். முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அதன்பின் எம்.ஆர்.ஐ. அறைக்கு அனுப்புவார்கள்.