சொல்லிவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் படித்தேன். அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்று என்னைக் கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது, அதை யாரும் உன்னிடமிருந்து பறிக்கக் கூடாது, நானும்தான். ஆனால் கேட்டுவிட்டாய், அதனால் மனதில் இருப்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போனில் சொன்னால் நான் பேசப் பேச "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அந்தச் "சரி"யைப் பற்றித்தான் இந்தக் கடிதத்தில் பாதி.

ரிப்போர்ட்டை வீட்டில் காட்டியதும் எழப்போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும்: முப்பத்தொரு வயது வரை இல்லாத ஆட்டிசம் இப்போது எங்கிருந்து வந்தது? இல்லாமல் இருந்ததில்லை, யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை என்பதே இதற்குப் பதில். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்கு ஆட்டிசம் என்று நாம் சொல்வதன் பேச்சு அதிலிருந்துதான் பரவியது. அந்த 11 பேரில் 8 பேர் ஆண் பிள்ளைகள். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விவரித்ததும் ஆண் பிள்ளைகளைத்தான். இருவருக்கும் முன்பே, 1920களில், மாஸ்கோவில் குரூன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தார். சிறுமிகளைப் பற்றியும் எழுதியிருந்தார். அதை வெகுகாலம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெர்மன் மொழியிலேயே கிடந்த ஆஸ்பெர்கரின் எழுத்தை 1981இல் லோர்னா விங் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன பிறகுதான், நன்றாகப் பேசுகிற, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் இது இருக்கலாம் என்ற எண்ணம் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் அந்த வகை ஏறியது 1994இல், அதாவது நீ பிறந்த வருஷம். நம் நாட்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல் இடம்பெற்றது 1999இல், நீ யு.கே.ஜி. போய்க்கொண்டிருந்தபோது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்றாக அது சேர்ந்த 2016இல் உன் படிப்பே முடிந்துவிட்டது. எந்த டீச்சர், எந்த டாக்டர் உன்னைக் கண்டுபிடித்திருக்க முடியும்? இப்போது எல்லாருக்கும் இது ஒரு பேஷனாகிவிட்டது என்று பேசுகிறவர்களிடம் இங்கிலாந்தின் கணக்கைச் சொல். அங்கே வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடையே தேடிப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. வயது ஏற ஏற அந்த விகிதம் குறையவில்லை. இளைஞர்களிடம் எவ்வளவோ அவ்வளவு முதியவர்களிடமும் இருந்தது. நம் குடும்பத்திலேயே யார் யார் என்று இந்நேரம் உனக்குத் தோன்றியிருக்கும். நான் பெயர் எழுத வேண்டியதில்லை.

நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்குவதில்லை. "அமைதியான பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது" என்பது நம் ஊரில் பெண்ணுக்குத் தருகிற பெரிய பட்டம். ஒரு பிள்ளை இருக்கிற இடமே தெரியவில்லை என்றால் அது ஏன் ஒடுங்கியிருக்கிறது என்று அல்லவா கேட்டிருக்க வேண்டும்? கண்ணைப் பார்த்துப் பேசாத பையனைத் திமிர் என்றோ கோளாறு என்றோ சொல்லி, திட்டவாவது செய்வார்கள், டாக்டரிடம் கூட்டிப்போகவாவது செய்வார்கள். தலையைக் குனிந்துகொண்டு பேசும் பெண்ணுக்கு அடக்கம் என்று பேர் வைத்துவிடுவார்கள். நாலு ஆணுக்கு ஒரு பெண் என்று வெகுகாலம் சொல்லிவந்த ஆட்டிசக் கணக்கு, மருத்துவமனைப் பதிவேட்டை நம்பாமல் நேரில் தேடிப் பார்த்தபோது மூன்றுக்கு ஒன்று என்று இறங்கியதை 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பதிவேட்டுக்கு வராத அந்தப் பெண்கள் எங்கே இருந்தார்கள்? பாராட்டு வாங்கிக்கொண்டு வீட்டில்தான் இருந்தார்கள். அதற்கு மேல் அந்த ஒரு சொல்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." புடவையின் ஜரிகை கழுத்தை அறுக்கிறதா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. கல்யாண மண்டபத்துச் சத்தத்தில் தலை வெடிக்கிறதா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. யாரைச் சொல்கிறார்கள், எவ்வளவு காலத்துக்கு, அதன் விலை என்ன என்பதைக் கேட்காமலே பெண்ணிடம் மட்டும் நீட்டப்படுகிற சொல் அது. நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்து இவ்வளவு கொடுமையாகப் பயன்படுத்துகிற சொல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதன் விலையைக் கணக்கிட இப்போது ஆள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகி, எப்போது சிரிக்க வேண்டும், எத்தனை நொடி கண்ணைப் பார்க்க வேண்டும், எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று மனப்பாடம் செய்து நடப்பதை மறைத்தல் என்கிறார்கள். 2017இல் 92 பேரிடம் கேட்டு எழுதிய ஓர் ஆய்வில் திரும்பத் திரும்ப வருவது களைப்புதான். தான் யார் என்பதே தனக்கு மறந்துபோகிற களைப்பு. மறு ஆண்டு பிரிட்டனில் வெளியான இன்னோர் ஆய்வு, இப்படி மறைத்து வாழ்வதற்கும் உயிர் மேல் வெறுப்பு வருவதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை, பாப்பா. நீ பதில் போடாத நாட்களில் நான் ஏன் நாலு தடவை கூப்பிடுகிறேன் என்பதை இனிமேலாவது புரிந்துகொள்.

உன் ரிப்போர்ட்டில் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதால் உறவுக்காரர்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வியும் வரும். மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அரசாங்கக் காகிதங்களில் புற உலகச் சிந்தனையற்றோர் என்று பார்த்திருக்கிறேன். இரண்டையும் நீ ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. உன் மதி இறுகிக் கிடக்கவில்லை. புற உலகம் உன் சிந்தனையில் இல்லாமலும் இல்லை. அளவுக்கு மீறி உள்ளே வருவதுதான் தொல்லை. ட்யூப்லைட்டின் ரீங்காரம் மற்றவர் காதில் விழுவதே இல்லை. உனக்கு அது பேச்சுக்குச் சமமாகக் கேட்கிறது. ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை 2013இல்தான் அந்த அமெரிக்கக் கையேடே அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. எழுபது வருஷம் வெளியிலிருந்து பார்த்து எழுதினார்கள், பாப்பா. உள்ளே இருப்பவர்களைக் கேட்கத் தொடங்கியது வெகு சமீபத்தில். ஆகவே ஆட்டிசம் என்றே சொல். தமிழில் நல்ல சொல் வரும்போது வரட்டும்.

அம்மாவிடம் காட்டத் தயங்குகிறாயே, அதைப் பற்றி. என் தங்கை உடனே தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள்: கருவுற்றிருந்தபோது அலைந்தது, உன்னை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனது என்று. அதற்கான பதிலை நீ முன்கூட்டியே கையில் வைத்துக்கொள். தாயின் மனம் குளிர்ந்து கிடப்பதால் பிள்ளை இப்படி ஆகிறது என்று ஒரு கொள்கை ஒரு தலைமுறைக் காலம் உலகை ஆண்டது. சிகாகோவில் புருனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். எத்தனை தாய்மார் அதனால் நொந்திருப்பார்கள்! 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம். இரு கருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒரே வளர்ப்பு, ஆனால் வேறுபாடு. பிறப்பிலேயே வருவது இது என்பதற்குப் பெரிய ஆதாரமாக அது அமைந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதை மேலும் உறுதியாக்கின. எனவே அவள் வளர்த்ததால் வந்ததில்லை. ஆனால் ஒன்று: அவள் உன்னை அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னது தவறுதான், நானும் அதற்குத் துணை நின்றேன். அந்தத் தவறுக்காக அவள் வருந்தட்டும். செய்யாததற்காக வருந்த வேண்டாம். கோபத்தோடு போய்க் காகிதத்தை அவள் முன்னால் போட்டுவிடாதே. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

"எல்லாருக்கும்தான் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு" என்பார்கள். எல்லாருக்கும் சில நாள் களைப்பு வரும். ரத்தசோகைக்காரிக்குத் தினமும் களைப்பு. இரண்டும் ஒன்றாகிவிடாது. "லேசானதுதானே" என்பது அடுத்தது. நம் நாட்டில் சான்றிதழுக்கு வைத்திருக்கும் அளவுகோலில் 40 கூறுகள் இருக்கின்றன. கூட்டிப் பார்த்து 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது என்று பிரிப்பார்கள். பார்க்கிறவர் கண்ணில் படுவதை அது அளக்கும். படாமல் இருக்க நீ செலவிடும் உழைப்பை எப்படி அளக்கும்? சாக்குச் சொல்லக் கற்றுக்கொண்டாய் என்று யாராவது சொன்னால் அதற்கும் தயங்காதே. படிக்கட்டு ஏற முடியாதவர் சாய்தளம் கேட்பது சாக்கு ஆகாது. நீ ஆபீசில் கேட்கப் போவது அமைதியான ஓர் இருக்கை, வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் தரும்படி ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். 2016 சட்டத்தின் 21ஆம் பிரிவு, நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது. உன் கம்பெனியுடையதைத் தேடிப் படி. ஆபீசில் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் வசதியைப் பொறுத்தது. அதில் உன்னை நான் வற்புறுத்தவில்லை.

கல்யாணம் அப்படியில்லை. நீ என்னை இரண்டு பக்கமும் எடைபோட்டுச் சொல்லச் சொன்னாய். என்னால் முடியவில்லை, தராசு ஒரு பக்கம்தான் சாய்கிறது. ஆபீசில் எட்டு மணி நேரம் நடித்துவிட்டு உன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறாய், அதனால்தான் மறுநாள் போக முடிகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கதவு யாருடையது? மாமியார், நாத்தனார், வருகிற போகிற விருந்தாளிகள், ஆடிக்கும் தீபாவளிக்கும் கூடுகிற கூட்டம், இத்தனைக்கும் நடுவில் "சரி அத்தை, சரி அத்தை" என்று எத்தனை வருஷம் ஓட்டுவாய்? டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவரைப் புரியவில்லை என்றால் மற்றவருக்கும் அவரைப் புரியவில்லை. 2020இல் எடின்பரோவில் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து இன்னொருவருக்குச் சொல்லவைத்துச் சோதித்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, மற்றவர்களின் வரிசைக்குக் குறையாமல் கதையைக் கடத்தியது. உன்னிடம் குறை இல்லை, வேறு பாஷை இருக்கிறது. அந்தப் பாஷையைக் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவன்தான் உனக்கு வீட்டுக்காரனாக வேண்டும். சொல்லாமல் அவன் எப்படித் தயாராவான்?

சொன்னால் பின்வாங்கிவிடுவார்கள் என்பது உன் பயம். வாங்கலாம். இந்த மாதம் பின்வாங்கினால் ஒரு வருத்தம், அம்மாவுக்குச் சில நாள் அழுகை. குழந்தை பிறந்த பிறகு பின்வாங்கினால்? சட்டத்தையும் யோசி. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, முக்கியமான ஒரு விஷயத்தை மறைத்து வாங்கிய சம்மதம் என்று சொல்லித் திருமணத்தை ரத்து செய்யக் கேட்க இடம் தருகிறது. கோர்ட்டில் என்ன தீர்ப்பாகும் என்பது இருக்கட்டும். ட்யூப்லைட் சத்தம் தாங்காத நீ கோர்ட் வராந்தாவில் நாள் கணக்கில் உட்கார முடியுமா? தரகரிடம் சொல்ல வேண்டாம், அவனுடைய சித்தப்பா பெரியப்பாவிடம் சொல்ல வேண்டாம். அவனிடம் மட்டும் சொல். எழுதியே சொல், உனக்கு எழுத்து நன்றாக வரும். தயாராகப் பத்து நாள் எடுத்துக்கொள், ஆனால் நிச்சயதார்த்தத் தட்டு மாற்றுவதற்கு முன் சொல்லிவிடு. முடிவு உன்னுடையது என்று முதலில் எழுதினேன், அதை இன்னும் அழிக்கவில்லை. ஆனால் என் மனது எந்தப் பக்கம் என்பதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நிறையப் பேசிவிட்டேன். பயத்தில் பேசுகிறவர்களுக்குக் குரல் உயர்ந்துவிடும், மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே எங்களுக்கு வேண்டும். சொன்னாலும் உன் பக்கம்தான், சொல்லாவிட்டாலும் உன் பக்கம்தான், கல்யாணமே வேண்டாம் என்று நீ முடிவெடுத்தாலும் பெரியம்மா உன் பக்கம்தான். தீபாவளிக்கு வா என்று கூப்பிட மாட்டேன், தெருவெல்லாம் வெடியாக இருக்கும். பொங்கலுக்கு வா. மாடி அறையை ஒழித்து வைக்கிறேன், ட்யூப்லைட்டை எடுத்துவிட்டு மஞ்சள் பல்பு போடச் சொல்கிறேன். வருகிறவர்களுக்குக் காபி கொண்டு வந்து கொடு என்று யாரும் உன்னைக் கீழே கூப்பிட மாட்டார்கள். இனி ஞாயிற்றுக்கிழமை போனும் செய்ய மாட்டேன். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடு, அது போதும். "சரி பெரியம்மா" என்று மட்டும் போடாதே. சரியில்லை என்றால் சரியில்லை என்று எழுது.

இந்த வாரம் அம்மாவிடம் ரிப்போர்ட்டைக் கொடு.

என்றும் உன்,
பெரியம்மா