கூட்டம் கலைந்த பின்பு



கிறிஸ்து அரசர் திருநாளையொட்டி நடந்த மேற்றிராசன இளைஞர் மாநாட்டுக்குப் போய்வந்த நம் பங்கு வாலிபன் ஒருவன், மூன்று வாரம் கழித்து ஒருநாள் மாலை அறைவீட்டுக்கு வந்தான். வெகுநேரம் பேசாமலிருந்து, "சாமி, அங்கே நற்கருணை ஆராதனையின்போது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தேன். இனி நான் புது ஆள் என்று நினைத்தேன். இப்போதோ ஞாயிறு பூசைக்கு எழுந்திருக்கவே மனமில்லை. ஜெபம் சொன்னால் வாய்தான் அசைகிறது. அங்கே நடந்ததெல்லாம் வெறும் கூட்டத்து மயக்கந்தானா?" என்று கேட்டான். பெயர் சொல்லாமல் எழுதலாம் என்று அவனே சொன்னபடியால் இதை எழுதுகிறேன். இந்தக் கேள்வி அவன் ஒருவனுடையதல்ல.

இப்படிப்பட்ட மாநாடுகள் எப்படி உண்டாயின? 1984-ம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் பெரிய மரச்சிலுவை ஒன்றை இளைஞர் கையில் ஒப்படைத்து, அதை உலகமெங்கும் சுமந்து செல்லும்படி கேட்டுக்கொண்டார். 1985 டிசம்பரில் உலக இளைஞர் தினத்தை ஏற்படுத்தினார். 1986 குருத்து ஞாயிறன்று அது முதன்முதலாக மேற்றிராசனங்களில் கொண்டாடப்பட்டது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலகத்து இளைஞர்கள் ஒரே இடத்தில் கூடுவதும் வழக்கமாயிற்று. 1995-ல் மணிலாவிலும், 2023-ல் லிஸ்பனிலும் அப்படிக் கூடினார்கள். மேற்றிராசனங்களில் கொண்டாடும் நாளைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2021 முதல் கிறிஸ்து அரசர் திருநாளுக்கு மாற்றினார். ஆகவே இந்த வழக்கம் பாட்டோடும் மேளத்தோடும் தொடங்கவில்லை, சிலுவையோடு தொடங்கிற்று. சிலுவையைச் சுமக்கிறவனுக்கு எந்நேரமும் இன்பமாயிராது.

2011 ஆகஸ்டு மாதம் ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில் நடந்ததைக் கேளுங்கள். குவாத்ரோ வியந்தோஸ் என்னும் விமானத் திடலில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர் பகலெல்லாம் கொடிய வெயிலில் காத்திருந்தார்கள். இரவு பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் பிரசங்கம் செய்யும்போது பெருங்காற்றும் மழையும் வந்தன. அவர் தலையிலிருந்த சிறு தொப்பியும் பறந்தது. வயது 84 ஆகியும் அவர் இடத்தைவிட்டு அகலவில்லை. பிரசங்கத்தின் பெரும்பகுதியை விட்டுவிட்டு, நற்கருணை நாதர் முன் முழந்தாளிட்டார். நனைந்து நின்ற அந்தப் பெருங்கூட்டமும் மௌனமாயிற்று.

ஆனால் நன்மை வழங்குவதற்கென்று அமைத்திருந்த கூடாரங்களைப் புயல் சேதப்படுத்திவிட்டது. மறுநாள் காலைப் பூசையில் மிகப் பலருக்கு நன்மை வாங்க முடியாமற் போயிற்று. எத்தனையோ தேசங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள்! நம் கோவிலில் புயல் இல்லை, கூடாரம் சரியவில்லை. அவர்களுக்கு அன்று கிடைக்காத அதே ஆண்டவர் ஒவ்வொரு ஞாயிறும் நமக்காகக் காத்திருக்கிறார். நம்மைத் தடுப்பது யார்?

இனி சுவிசேஷத்தைப் பார்ப்போம். பன்னிரண்டு வயதில் சேசுநாதரும் ஒரு பெருங்கூட்டத்தோடு பாஸ்காத் திருநாளுக்கு ஜெருசலேம் போனார். தேவாலயத்தில் சாஸ்திரிகளின் நடுவே உட்கார்ந்து கேட்டார், கேள்வியும் கேட்டார். தம் பிதாவின் காரியத்தில் அவருக்கு எவ்வளவு ஆர்வம்! அப்படியிருந்தும் அங்கேயே தங்கிவிட்டாரா? அர்ச். லூக்காஸ் எழுதியிருப்பதைக் கவனியுங்கள்: நசரேத்துக்குத் திரும்பிப் போய்த் தாய் தந்தைக்குக் கீழ்ப்படிந்து நடந்தார். ஏறக்குறைய முப்பது வயதுவரை அந்தச் சிற்றூரில்தான் வாழ்ந்தார். மரவேலையும், தண்ணீர்க் குடமும், ஓய்வுநாள் ஜெபமுமாகக் கழிந்த அந்த ஆண்டுகளைப் பற்றிச் சுவிசேஷம் பெரிதாய் ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் அக்காலத்தில்தான் அவர் ஞானத்திலும் வயதிலும் வளர்ந்தார்.

ஆகையால் அந்த வாலிபனுக்குச் சொன்னதையே எல்லா இளைஞருக்கும் சொல்கிறேன். "தம்பி, அது பொய்யல்ல. விதை விழுந்த அன்றே கதிர் அறுக்கப் பார்க்கிறாய், அவ்வளவுதான்." கண்ணீர் சர்வேசுரன் கொடுத்தால் வரும், கொடாவிட்டால் வராது. மனது வறண்டிருக்கையில் எழுந்து பூசைக்கு வருவதோ நம் சித்தத்தைப் பொறுத்தது. அன்பு முக்கியமாய்ச் சித்தத்தில் இருக்கிறது.

மாநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் மூன்று காரியங்களைக் கைக்கொள்ளட்டும். முதலாவது, மனமிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஞாயிறு பூசை. இரண்டாவது, மாதம் ஒருமுறை பாவசங்கீர்த்தனம். அடுத்த மாநாடு வரை காத்திருக்க வேண்டாம். மூன்றாவது, வீட்டிலோ பங்கிலோ ஒரு சிறு கடமை: சிறுவருக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பது, படுத்த படுக்கையாயிருக்கும் பாட்டியை வாரம் ஒருமுறை சந்திப்பது, இப்படி ஏதாவது ஒன்று.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் கூட்டத்தோடு இருப்பான் என்று எண்ணி தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் ஒருநாள் பிரயாணம் போய்விட்டார்கள். காணோம் என்று அறிந்ததும் திரும்பிப் போய்த் தேடினார்கள். "மாநாட்டுக்கு அனுப்பினோம், இனி சாமியார் பார்த்துக்கொள்வார்" என்று நீங்கள் இருந்துவிடலாமா? பிள்ளை திரும்பி வந்ததும் செலவுக் கணக்கை மட்டும் கேளாதீர்கள். "அங்கே ஆண்டவர் உன்னிடம் என்ன கேட்டார்?" என்றும் கேளுங்கள். அவன் சொல்வதைச் சிரிக்காமல் கேளுங்கள். அன்றிரவு குடும்ப ஜெபமாலையை அவனே தொடங்கட்டும். வீட்டில் ஜெபமே இல்லையென்றால், அவன் கொண்டுவந்த நெருப்பை எங்கே வைப்பான்?

அடுத்த ஞாயிறு அந்த வாலிபன் பூசைக்கு வந்து, பின்னால் தூணோரம் நின்றான். கண்ணீர் வந்ததா என்று நான் கேட்கவில்லை. வந்தான், அது போதும். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான்.

நசரேத்தில் சேசுபாலனை வளர்த்த தேவமாதா நம் இளைஞரையும் நம் வீடுகளிலேயே வளர்த்தருள்வாளாக.

உங்கள் பங்குசாமியார்